ஏழாம் பாடத்தில் வரும் பெண்

ஜனவரி 12

அன்புள்ள வாயாடிக்கு,

நீ சௌக்கியமா? பல் வலி விட்டதா, இல்லை பல்லையே பிடுங்கிவிட்டார்களா? இங்கே நான், என் மகள், என் இழுப்பு மூவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் என்கொயரி மேசைக்கு ஓர் ஆள் வேண்டுமாம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களிலிருந்தே எடுக்கப் போகிறார்கள். செப்டம்பரில் நேர்முகம். வெளிநாட்டு நோயாளிகள் வர ஆரம்பித்துவிட்டதால் இங்கிலீஷ் தடையில்லாமல் பேச வேண்டும். நான் மனு கொடுத்துவிட்டேன். சிரிக்காதே.

என் ரெக்கார்டு ரூம் எப்படி என்று உனக்குத் தெரியும். தரைக்குக் கீழே, லிஃப்ட்கூட இறங்காத தளம். பதினோரு வருஷத்துக் கோப்புத் தூசி என் நெஞ்சில்தான் இருக்கிறது. "அந்த ரூமை விட்டு வெளிய வாங்கம்மா, அப்புறம் மருந்தைப் பத்திப் பேசலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த அறை எனக்கு வசதியாகத்தான் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கலாம். இங்கே எல்லோரையும் பொறுத்தவரை அவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அம்மா கண்மூடும் வரை அவளிடமும் அதையேதான் சொன்னேன். உண்மை தெரிந்தது எனக்கும் என் மகளுக்கும் உனக்கும் மட்டும்தான்.

இப்போது மேலே வர ஆசையாக இருக்கிறது. நாலு பேர் முகத்தைப் பார்த்து, "இப்படிப் போய் வலது பக்கம் திரும்புங்க" என்று சொல்ல ஆசை. இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வரும். வாலோடு வரும் வினைச்சொற்கள்தான் என்னை அடித்துப் போடுகின்றன. ஒரே 'புட்', அதற்கு ஏழெட்டு வால், ஒவ்வொரு வாலுக்கும் ஓர் அர்த்தம். நீ பயிற்சி நிலையத்தில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாயே, அக்காவுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு. போனில் வேண்டாம். எங்கள் சுவர் மெல்லியது. எனக்கு முன்னால் பக்கத்து வீட்டம்மா பாஸ் பண்ணிவிடுவாள்.

பாசத்துடன்,
அக்கா

*

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வாய் மட்டும் குறையவில்லை. உன் இழுப்புக்கு மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள். பாப்பாவுக்குச் சித்தியின் முத்தம்.

நீ மனு கொடுத்ததைப் படித்ததும் வகுப்பறை என்றுகூடப் பார்க்காமல் கை தட்டிவிட்டேன். கட்டாயம் சொல்லித் தருகிறேன். ஒரு கடிதத்துக்கு ஏழு சொற்றொடர். பொருளை நான் எழுதுகிறேன், வாக்கியத்தை நீ எழுது. ஒரே ஒரு விதி. புத்தகத்தில் வரும் பையன் பந்து விளையாடப் போன கதையெல்லாம் வேண்டாம். உன் வாழ்க்கையில் நடந்ததையே எழுது. உண்மை வாக்கியம்தான் நாக்கில் உட்காரும்.

'வாக் அவுட் ஆன்' என்றால் நம்பியிருப்பவரை விட்டுவிட்டுப் போவது. 'மேக் அப்' என்றால் கதை கட்டுவது. 'புட் அப் வித்', பொறுத்துப்போவது. மற்ற நான்கும் பின்பக்கத்தில் இருக்கின்றன. கொசுறாக ஒரு மரபுத்தொடர்: 'பீன்ஸைக் கொட்டுவது', அதாவது ரகசியத்தை உளறிவிடுவது.

எப்போதும் உன்,
வாயாடி

*

பிப்ரவரி 10

அன்புள்ள வாயாடி டீச்சருக்கு,

வணக்கம். மாணவி சுகம். டீச்சரின் ஈறு ஆறிவிட்டதா?

பீன்ஸைக் கொட்டினால் குனிந்து பொறுக்கி எடுத்துவிடலாமே, அதில் என்ன ரகசியம் போய்விடும் என்று என் மகள் கேட்கிறாள். நான் இங்கிலீஷில் அவளை அதட்டிப் பார்த்தேன். "அம்மா, நீ இங்கிலீஷ்ல திட்டினா எனக்குப் பயமே வரமாட்டேங்குது, இனிமே இப்படியே திட்டு" என்கிறாள்.

ஏழு வாக்கியங்களும் தனித்தாளில் இருக்கின்றன. 'வாக் அவுட் ஆன்' எழுத மட்டும் இரண்டு நாள் ஆனது. எழுதினேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, என் கணவர் என்னை விட்டுவிட்டுப் போனார், போகும்போது இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். இஸ்திரிப் பெட்டியைச் சேர்க்கலாமா, இலக்கணப்படி தப்பில்லையே? ஆனால் நடந்தது அதுதான். அவர் போனது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. இஸ்திரிப் பெட்டி போனது மறுநாள் காலையிலேயே, மகளின் யூனிஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதே புரிந்துவிட்டது.

இதையெல்லாம் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்கூட "போய்ட்டார்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். இங்கிலீஷில் எழுதும்போது வேறு யாருக்கோ நடந்தது போல இருக்கிறது, அதனால் கை வருகிறது. திருத்தியதும் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

பாசத்துடன்,
அக்கா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி.

அக்கா, பத்து வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். இப்படி ஓர் உதாரண வாக்கியத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இஸ்திரிப் பெட்டி இருக்கட்டும், அதை எடுக்கவே எடுக்காதே! இலக்கணத்தில் இரண்டே இரண்டு பிழை, திருத்தி எழுதியிருக்கிறேன்.

இன்னும் எழுது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன சொன்னார்? நீ என்ன சொன்னாய்? அவர் வெளிநாட்டில் இருப்பதாக முதன்முதலில் யாரிடம் சொன்னாய்? 'மேக் அப்' வாக்கியம் ரொம்பச் சுருக்கமாக இருக்கிறது, அதையே ஐந்தாறு வரியாக விரித்து எழுதிப் பார். அடுத்த ஏழுக்கு வேறு தாள் வைத்திருக்கிறேன். 'ரன் இன்டு' முக்கியம்: எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது.

அவசரத்தில்,
வாயாடி

*

மார்ச் 21

அன்புள்ள வாயாடிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? எனக்கு இந்த மாதம் இரண்டு முறைதான் இழுத்தது. மேலே போகப் போகிறோம் என்று நுரையீரலுக்கும் தெரிந்துவிட்டது போல.

நீ கேட்டதெல்லாம் எழுதியிருக்கிறேன். முதலில் பொய் சொன்னது எங்கள் கேன்டீன்காரரிடம். "சார் இன்னிக்குக் கூப்பிட வரலையா?" என்று கேட்டார். "வெளிநாட்டுல வேலை கெடைச்சிருக்கு, போன வாரம்தான் கெளம்பினார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் உடனே ஒரு டீயை இலவசமாகக் கொடுத்து வாழ்த்துச் சொன்னார். அந்த டீயைக் குடித்தேன். குடித்த பிறகு மாற்றிப் பேச முடியவில்லை.

'ரன் இன்டு' வாக்கியம் போன வாரமே தானாக வந்து சேர்ந்தது. பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் அந்தப் பெண், யாருக்காக என்னை விட்டுப் போனாரோ அவள். இத்தனை நாள் வேறு ஊரில் இருந்துவிட்டு, இப்போதுதான் நாலு தெரு தள்ளிக் குடிவந்திருக்கிறார்கள் என்று அவர்கள் பேச்சிலிருந்து புரிந்தது. வெயிலே இல்லாத நேரத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். தப்பு செய்தது அவர், ஒளிந்து நின்றது நான். வீட்டுக்கு வந்து என் மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. அதையும் எழுதியிருக்கிறேன், நாலாவது வாக்கியம்.

போன தடவைத் தாளைக் கிழித்துவிட்டாயா? நீ சொல்லவே இல்லை. இதையும் கிழித்துவிடு.

நேர்முகத்துக்குத் தயாராக ஆஸ்பத்திரியே ஆகஸ்டில் எங்களுக்கு ஒரு வகுப்பு நடத்தப் போகிறது. டீச்சரின் மானத்தைக் காப்பாற்றுவேன்.

பாசத்துடன்,
அக்கா

*

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நீ இரண்டு முறை கார்டு போட்டும் பதில் எழுதவில்லை, மன்னித்துவிடு. நிலையத்தில் தலைக்கு மேல் வேலை. புதிதாக ஒரு பொறுப்பு எடுத்திருக்கிறேன், முடிந்ததும் சொல்கிறேன்.

இந்த முறை புதிய சொற்றொடர் அனுப்ப நேரமில்லை. ஒரே ஒரு சந்தேகம். பஸ் நிறுத்தத்தில் விரித்தாயே, அந்தக் குடை என்ன நிறம்?

உன்,
வாயாடி

*

ஜூன் 8

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீ இளைத்துப்போகாமல் இரு.

குடை பழுப்பு நிறம். ஒரு கம்பி உடைந்திருக்கும். நிறமும் சொன்னால்தான் வாக்கியம் முழுமையா, டீச்சர்? இங்கிலீஷ்காரர்கள் குடையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

வேலை இருந்தால் இருக்கட்டும், நாலு வரி எழுது. பழைய வாக்கியங்களையே கோப்பு அடுக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பதில் வராத நாட்களில் ஏதோ குறைகிறது. இங்கிலீஷ் ஒரு சாக்குதான் என்று இப்போது தோன்றுகிறது. நாலு வருஷமாக மென்று விழுங்கியதை ஒருத்தியிடமாவது சொல்கிறேனே, அதற்காகத்தான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தாள்களைக் கிழித்துவிட்டாய்தானே?

பாசத்துடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 17

தங்கைக்கு,

சௌக்கியமா என்று கேட்க இன்று கை வரவில்லை.

நேற்று எங்கள் வகுப்பு ஆரம்பித்தது. பதினான்கு பேர். நர்ஸுகள், எக்ஸ்ரே பிரிவுப் பெண், லிஃப்ட்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர், நான். பயிற்சியாளர் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். போன மாதம்தான் வந்ததாம், அச்சு மை வாசனைகூடப் போகவில்லை. அட்டையில் உன் பெயர்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உள்ளே திருப்பினேன், 'என் அக்காவுக்கு' என்று மட்டும் ஒரு பக்கம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்குத்தான் எழுதாமல் இருந்தாயா, என்னை அசத்தத்தான் இருந்தாயா என்று நினைத்தேன். பக்கத்தில் எக்ஸ்ரே பிரிவுப் பெண் இருந்தாள். "என் சொந்தத் தங்கச்சி எழுதினது, இந்தப் பக்கத்துல இருக்கிற அக்கா நான்தான்" என்று நானே சொன்னேன். அவள் திரும்பி லிஃப்ட்காரரிடம் சொன்னாள். அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்று சிரித்தேன்.

பிறகு பயிற்சியாளர் ஏழாம் பாடத்தை ஆளுக்கு நாலு வரியாக வாசிக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரி அடித்தளத்தில் கோப்பு அடுக்கும் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை. மாவு பிசைந்த கை. அவளுடைய கணவன் இஸ்திரிப் பெட்டியோடு போகிறான். அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வருகிற மாதிரித்தானே எழுதியிருக்கிறாய். இலவச டீ இருந்தது. அடுத்த பக்கத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி, அதில் பழுப்புக் குடைக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். கம்பி உடைந்ததுகூட இருந்தது.

கடைசியில் கலந்துரையாடலுக்கு ஒரு கேள்வி போட்டிருக்கிறாய்: அந்தப் பெண் ஏன் பொய் சொன்னாள்? ஆம்புலன்ஸ் டிரைவர் நல்ல மனிதர், நான் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலைக் கடக்கும்போது ஒரு நாளும் ஹாரன் அடித்து அவசரப்படுத்தியதில்லை. அவர் சொன்னார்: "அவ மேலயும் ஏதோ தப்பு இருக்கும் சார். இல்லாட்டி எதுக்கு மறைக்கணும்?" அதற்குள் எக்ஸ்ரே பிரிவுப் பெண் புத்தகத்தை மூடிவிட்டு என் கையைப் பிடித்தாள். அவள் பிடித்ததைப் பார்த்து லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். டிரைவருக்குத்தான் கடைசியில் புரிந்தது. பாவம், அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. மாலையில் என் மகள் புத்தகத்தை வாசித்தாள். "சித்தி நம்மளப் பாடமா ஆக்கிட்டாங்களாம்மா?" என்றாள். அவள் சிநேகிதிகளுக்கும் அப்பா வெளிநாட்டில்தான் இருக்கிறார்.

கிழிக்கச் சொன்னேனே. மூன்று தடவை சொன்னேனே.

அக்கா

*

ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏழெட்டுத் தாள் எழுதிக் கசக்கினேன்.

உன் பெயரைப் போட்டேனா? ஊரைச் சொன்னேனா? உங்கள் ஆஸ்பத்திரிக்கே அந்தப் புத்தகம் வருமென்று நான் எப்படி நினைக்க முடியும்? நீயாக அவர்களிடம் சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காதே. இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை.

இரண்டு வருஷமாக அந்தப் புத்தகம் என்னிடம் கிடந்தது. 'இதில் உயிரே இல்லை' என்று பதிப்பாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். உன் தாள் வந்தது. ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்தேன், அப்புறம் இன்னொன்று. மாற்றி எழுதவும் பார்த்தேன் அக்கா. இஸ்திரிப் பெட்டிக்குப் பதிலாகக் கடிகாரம் என்று போட்டேன். செத்துப்போய்விட்டது. உன்னைப் போல எத்தனையோ பெண்கள் இதைப் படித்துத் தைரியம் அடைவார்கள். புத்தகத்தை உனக்குத்தானே சமர்ப்பித்திருக்கிறேன்? அந்தப் பக்கத்தைப் பார்த்தாயே?

நேர்முகத்தை விட்டுவிடாதே. எனக்காக இல்லாவிட்டாலும் உன் நெஞ்சுக்காகப் போ.

உன்,
தங்கை

*

செப்டம்பர் 26

தங்கைக்கு,

நேர்முகத்துக்குப் போனேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நிர்வாக அம்மா. மேசை மீது உன் புத்தகம். வணக்கம் சொல்லி உட்கார்ந்ததுமே அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "நீங்க ரொம்பத் தைரியசாலி. உங்க கதையை உங்க வார்த்தையிலயே அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல சொல்லுங்களேன்" என்றார்.

அந்தக் கதை எனக்கு மனப்பாடம். ஏழு மாதம் சொல்லிப் பார்த்தது. சொல்லியிருந்தால் மூவரும் அழுதிருப்பார்கள். நான் இங்கிலீஷில் சொன்னேன்: மன்னிக்க வேண்டும், என்கொயரி மேசையில் யாரும் என் கதையைக் கேட்க வர மாட்டார்கள், இதய நோய்ப் பிரிவு எங்கே என்று கேட்பார்கள், அதைக் கேளுங்கள். கேட்டார்கள். ஒவ்வொரு தளமாக, ஒவ்வொரு வாசலாகச் சொன்னேன். தடுமாறவில்லை. மூச்சும் இழுக்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து மேலே.

வேலை ஆணையைக் கொடுக்கும்போது நிர்வாக அம்மா என் தோளைத் தட்டி, "உங்கள மாதிரிப் பெண்களுக்கு நாங்க துணையா இருக்கணும்" என்றார். எனக்கு வந்த இங்கிலீஷுக்காக வேலை கொடுத்தார்களா, போன புருஷனுக்காகக் கொடுத்தார்களா? ஆயுசுக்கும் எனக்குத் தெரியப்போவதில்லை. நானாக மேலே வந்தேன் என்று என் மகளிடம் ஒரு நாள் சொல்ல நினைத்திருந்தேன். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

நானே சொல்லிக்கொண்டதால்தான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாய். ஆமாம். என் தங்கச்சி என்று பெருமைப்பட்டதுதான் நான் செய்த தப்பு. நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, அது எனக்கே தெரியாது. ஆனால் குடையின் நிறத்தைக் கேட்கத் தெரிந்த உனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லையே. அவர் போனபோது வீட்டில் ஓர் ஆள் குறைந்தது, அவ்வளவுதான். நீ செய்தது அப்படி இல்லை. மனதில் ஒன்று பட்டால் உடனே உன்னிடம் சொல்லத் தோன்றும், இப்போதும் தோன்றுகிறது. தோன்றிய மறுநிமிடமே, இதில் எது எந்தப் பாடத்துக்குப் போகும் என்று பயம் வருகிறது. முதுகில் குத்தியவள் கையிலேயே கத்தியைக் கொடுத்து வைத்திருந்தது போல இருக்கிறது எனக்கு.

அக்கா

*

அக்டோபர் 6

அன்புள்ள அக்கா,

உன் இழுப்பு எப்படி இருக்கிறது? மேலே காற்று நன்றாக வருகிறதா? பாப்பா என்னோடு பேசவே மாட்டாளா? பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா?

நீ எழுதியது எல்லாம் சரி. என் தப்புதான். அடுத்த பதிப்பில் ஏழாம் பாடத்தை எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். உன் தாள்களை இன்று கிழித்தேன், உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்தேன். இது உனக்குப் போதாது என்றும் தெரியும்.

அவரை மறுபடி பார்த்தாயா? அவருக்குப் புத்தகம் விஷயம் தெரியுமா? புது மேசையில் என்ன நடக்கிறது? திட்டியாவது எழுது அக்கா. பக்கம் பக்கமாகத் திட்டு. நீ எழுதாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

உன்,
வாயாடி

*

நவம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். மகள் நன்றாகப் படிக்கிறாள். என் வேலை நன்றாகப் போகிறது. இரண்டு நாளாக நல்ல மழை.

உன் அத்தான் வெளிநாட்டில் சுகமாக இருக்கிறார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
அக்கா